கண் போன இடத்துக்குக் கை போகும்: மூக்குக்கண்ணாடியும் எமது தெரிவுகளும்

காலி வீதியில், வெள்ளவத்தையின் ஏதாவதொரு பஸ் தரிப்பிடத்தில் மாலை நேரம் பத்து நிமிடம் நின்று பாருங்கள். புறக்கோட்டைக்கும் பாணந்துறைக்கும் இடையே ஓடும் 100ஆம் இலக்க பஸ்ஸும், மொரட்டுவை வரை ஓடும் 101ஆம் இலக்க பஸ்ஸும் ஒன்றன்பின் ஒன்றாக வரும். கடைசி இலக்கம் ஒன்றுதான் வித்தியாசம். சிலர் பஸ் தூரத்தில் வரும்போதே முன்னால் வந்து கையைக் காட்டுகிறார்கள். வேறு சிலர் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, பஸ் வந்து நின்று கண்டக்டர் ஊர்ப்பெயரைக் கூவும் வரை காத்திருந்து, அதன் பிறகுதான் ஓடிப்போய் ஏறுகிறார்கள். இவர்கள் வாசிக்கத் தெரியாதவர்கள் அல்லர். கண்ணாடி போட வேண்டியவர்கள், போடாதவர்கள்.

பார்வை என்றதும் நாம் "கண் தெரியுமா, தெரியாதா" என்ற ஒரே கேள்வியோடு நின்றுவிடுகிறோம். நான் இங்கு எழுத நினைப்பது அதையல்ல. கண் எங்கே போகிறது, எங்கே தங்குகிறது என்பது நாம் எதைத் தெரிவு செய்கிறோம் என்பதை எந்தளவுக்குத் தீர்மானிக்கிறது? அதில் மூக்கின் மேல் இருக்கும் அந்த இரண்டு வில்லைகளுக்கு என்ன பங்கு? நான் வைத்தியன் அல்லன். நீண்ட காலமாகக் கண்ணாடி போடுபவன், இந்த விடயத்தைக் கொஞ்சம் தேடி வாசித்தவன், அவ்வளவுதான். ஆனால் எமது சமூகத்தில் இதைப் பற்றிக் கதைப்பவர்கள் குறைவு என்பதால் எழுதுகிறேன்.

முதலில் கண் எப்படிப் பார்க்கிறது என்பதைச் சொல்லவேண்டும். எமக்கு முன்னால் உள்ள காட்சி முழுவதும் ஒரே நேரத்தில் தெளிவாகத் தெரிவதாக நாம் நினைக்கிறோம். உண்மை அப்படியல்ல. விழித்திரையின் நடுவில் உள்ள ஒரு சிறு குழியில் விழும் பகுதி மட்டுமே கூர்மையாகத் தெரிகிறது. கையை முன்னால் நீட்டிப் பெருவிரல் நகத்தைப் பாருங்கள். ஏறக்குறைய அந்த நகத்தின் அகலத்துக்குத்தான் கண்ணின் முழுக் கூர்மை உண்டு. அதற்கு வெளியே எல்லாம் படிப்படியாக மங்கல். இந்தக் குறையை ஈடுசெய்யக் கண் ஓயாமல் தாவிக்கொண்டிருக்கிறது. செக்கனுக்கு மூன்று நான்கு தடவை ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குத் தாவி, நின்று, மீண்டும் தாவுகிறது. தாவும் அந்தக் கணத்தில் நாம் பெரும்பாலும் எதையும் பார்ப்பதில்லை. மூளை அந்த இடைவெளியை எமக்குத் தெரியாமல் மூடிவிடுகிறது. ஆகவே நாம் "பார்த்தது" என்று சொல்வது, உண்மையில் கண் நின்ற சில இடங்களையும் மீதியை மூளை இட்டு நிரப்பியதையும் சேர்த்துத்தான்.

சோவியத் விஞ்ஞானி அல்ஃபிரட் யார்பஸ் இதை அழகாகக் காட்டினார். 1965இல் ரஷ்ய மொழியிலும் 1967இல் ஆங்கிலத்திலும் வந்த அவரது நூலில் ஒரு சோதனை உண்டு. இல்யா ரேபின் வரைந்த ஓர் ஓவியம். நாடுகடத்தப்பட்ட ஒருவர் எதிர்பாராமல் வீட்டுக்குள் நுழைகிறார், வீட்டார் திகைத்துப் பார்க்கிறார்கள். யார்பஸ் அதே ஓவியத்தை ஒரே ஆளுக்குத் திரும்பத் திரும்பக் காட்டி, ஒவ்வொரு முறையும் வேறு கேள்வி கேட்டார். இந்தக் குடும்பம் வசதியானதா? இவர்களின் வயது என்ன? இவர்கள் என்ன உடுத்திருக்கிறார்கள்? கேள்வி மாறியபோது கண் போன பாதையும் மாறியது. வயதைக் கேட்டால் கண் முகங்களில் தங்கியது. வசதியைக் கேட்டால் தளபாடங்களையும் உடைகளையும் தேடியது. ஓவியம் மாறவில்லை, கண்ணும் மாறவில்லை. மனதில் இருந்த கேள்விதான் மாறியது.

இதை வாசித்தபோது எனக்கு இப்னுல் ஹைதம் நினைவுக்கு வந்தார். பஸ்ராவில் ஏறத்தாழ 965இல் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்து மறைந்த அவர், 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய ஏழு பாகங்கள் கொண்ட கிதாபுல் மனாழிரில், மேலோட்டமான பார்வையையும் ஆராய்ந்து பார்க்கும் பார்வையையும் வேறு பிரிக்கிறார். ஒரு பொருளின் உண்மையான வடிவம் தெளிய வேண்டுமானால், கண் அசைந்து அதன் ஒவ்வொரு பகுதியையும் பார்வையின் நடு அச்சுக்குக் கொண்டுவர வேண்டும் என்கிறார். பார்ப்பதில் ஊகமும் முடிவெடுத்தலும் கலந்திருக்கின்றன என்கிறார். விழித்திரையின் அந்தச் சிறு குழி பற்றி அவருக்குத் தெரியாது. கண் அசைவைப் பதியும் கருவி எதுவும் அவரிடம் இருக்கவில்லை. கவனித்தே இந்த இடத்துக்கு வந்தார்.

ஒரு விடயத்தை இடையில் சொல்லிவிடுகிறேன். வட்ஸ்அப்பில் எமக்குள் சுற்றும் செய்திகளில், மூக்குக்கண்ணாடியைக் கண்டுபிடித்தவர் இப்னுல் ஹைதம் என்று அடிக்கடி வருகிறது. அது சரியல்ல. மூக்குக்கண்ணாடி 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இத்தாலியில் தோன்றியது. 1306இல் ஒரு பாதிரியார் தமது பிரசங்கத்தில், அது வந்து இன்னும் இருபது வருடம்கூட ஆகவில்லை என்று குறிப்பிட்டிருக்கிறார். கண்ணையும் ஒளியையும் பற்றிய இப்னுல் ஹைதமின் நூல் இலத்தீனுக்குப் போய், ஐரோப்பியர் பல நூற்றாண்டுகள் அதைப் படித்தார்கள் என்பதே போதுமான பெருமை. செய்யாததையும் அவர் பெயரில் சேர்த்தால், செய்ததன் மதிப்பும் குறைந்துவிடும்.

இனித் தெரிவுக்கு வருவோம். கலிபோர்னியாவில் ஷின்சுகே ஷிமோஜோவும் அவரது குழுவினரும் 2003இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். இரண்டு முகங்களைப் பக்கம் பக்கமாகக் காட்டி, எது கூடுதலாகப் பிடித்திருக்கிறது என்று கேட்டார்கள். தொடக்கத்தில் கண் இரண்டுக்கும் சமமாகப் போய்வருகிறது. முடிவு சொல்வதற்குச் சற்று முன்பிருந்து, சொல்லப்போகும் முகத்தின் பக்கமே மெல்ல மெல்லச் சாய்கிறது. பிடித்ததைத்தானே பார்ப்போம், இதில் என்ன அதிசயம் என்று கேட்கலாம். அதற்காகத்தான் மறுதலையாகவும் செய்து பார்த்தார்கள். ஒரு முகத்தைக் கூடுதல் நேரமும் மற்றதைக் குறைந்த நேரமும் காட்டி, கண்ணை அவர்களே அங்குமிங்கும் போகவைத்தார்கள். கூடுதல் நேரம் பார்க்கவைத்த முகத்தை ஏறத்தாழ 59 சதவீதமான தடவைகள் தெரிவு செய்தார்கள். அதாவது பிடித்ததைப் பார்க்கிறோம், பார்ப்பதாலும் பிடிக்கிறது.

2010இல் அதே நிறுவனத்தில் பசியோடிருந்த மாணவர்களுக்குச் சிற்றுண்டிகளை இரண்டிரண்டாகக் காட்டினார்கள். மூளை இரண்டையும் நிறுக்கும்போது, அந்த நேரத்தில் கண் பார்க்காத பொருளின் மதிப்பு அதன் உண்மையான மதிப்பில் மூன்றில் ஒரு பங்களவே கணக்கில் சேர்கிறது என்று அவர்களது கணிப்பு சொன்னது. நோன்பு காலத்தில் அஸருக்குப் பின் காலி வீதிக் கடைகளில் நாம் வாங்குவதையும் வீட்டுக்கு வந்து மேசையில் மிஞ்சுவதையும் நினைத்துப் பாருங்கள். அந்த மாணவர்களின் பசியைவிட எமது பசி பெரிது!

2015இல் வெளியான இன்னோர் ஆய்வு எனக்கு உறுத்தலாக இருந்தது. இதில் கேட்டது சிற்றுண்டியை அல்ல, எது நியாயம், எது அநியாயம் என்பது போன்ற கேள்விகளை. ஆய்வாளர்கள் கண் அசைவைக் கவனித்து, தாங்கள் முன்கூட்டியே குறித்து வைத்த விடையில் கண் போதிய நேரம் தங்கிய உடனேயே "இப்போது பதில் சொல்லுங்கள்" என்றார்கள். குறித்து வைத்த விடையே 58 சதவீதமான தடவைகள் வந்தது.

58, 59 என்பவற்றைப் பெரிதுபடுத்தவும் கூடாது. நாணயத்தைச் சுண்டினாலே 50 வரும். நாம் கண்ணால் இழுபடும் பொம்மைகள் என்று இதற்குப் பொருளில்லை. ஆனால் ஒருவருக்கு எதிலும் உறுதியான விருப்பம் இல்லாத இடத்தில், இந்தச் சிறிய தள்ளல் போதும். அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் 1992 தேர்தல்களை ஆராய்ந்தபோது, வாக்குச்சீட்டில் முதலாவதாகப் பெயர் இருந்ததால் மட்டும் வேட்பாளருக்குச் சராசரியாக 2.5 சதவீதம் கூடுதல் வாக்குக் கிடைத்ததைக் கண்டார்கள். எமது நாட்டில் 2024 செப்டம்பர் ஜனாதிபதித் தேர்தலில் 39 வேட்புமனுக்கள் ஏற்கப்பட்டன. வாக்குச்சீட்டு ஏறத்தாழ 27 அங்குல நீளம். நிராகரிக்கப்பட்ட வாக்குகள் 3 இலட்சத்துக்கும் அதிகம். அதற்குப் பல காரணங்கள் இருக்கும். கண்ணை மட்டும் குறை சொல்ல முடியாது. ஆனாலும் அந்த நீளமான சீட்டை மங்கலான வெளிச்சத்தில், கண்ணாடி இல்லாமல், வரிசையில் பின்னால் ஆள் நிற்கும் அவசரத்தில் பார்த்த எங்கள் வயதானவர்களின் கண் எத்தனை பெயர்களில் நின்றிருக்கும்?

வியாபாரிகளுக்கு இதெல்லாம் ஆய்வு வருமுன்பே தெரியும். வெள்ளவத்தைப் புடவைக் கடைகளில் எந்தச் சாரியை வெளிக் கண்ணாடிக்குப் பின்னால் உடுத்தி நிறுத்துகிறார்கள் என்று பாருங்கள். சுப்பர் மார்க்கட்டில் கண் உயரத்துத் தட்டில் எது, குனிந்து எடுக்கவேண்டிய அடித்தட்டில் எது என்று பாருங்கள். இனிப்புகள் ஏன் ஆறு வயதுப் பிள்ளையின் கண் உயரத்தில், அதுவும் காசு கொடுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கின்றன? உம்மாவின் கண்ணை அல்ல, பிள்ளையின் கண்ணைத்தான் அங்கே குறிவைக்கிறார்கள்.

இப்போது பார்வை மங்கிய ஒருவரை அதே தட்டின் முன் நிறுத்துவோம். 40 வயதைத் தாண்டும்போது கண்ணின் வில்லை இறுகி, கிட்டவுள்ளதில் குவியும் ஆற்றல் குறைகிறது. இதைத்தான் எமது முன்னோர் வெள்ளெழுத்து என்றார்கள். இது நோயல்ல, நரையைப் போல எல்லோருக்கும் வரும். கையை நீட்டி, இன்னும் நீட்டி, கை போதாமல் போகும்போது கண்ணாடி தேவைப்படுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் 2019 அறிக்கை, இதற்குரிய கண்ணாடி கிடைக்காதவர்கள் உலகில் 82 கோடிக்கும் மேல் என்கிறது. அவர்களுக்கு முழுக் குருட்டுத்தன்மை இல்லை. ஆனால் தட்டில் உள்ள பொருளில் பெரிய எழுத்தும் பளிச்சென்ற படமும் மட்டும் அவர்களுக்குத் தெரியும். காலாவதித் திகதி, சேர்மானப் பட்டியல், மருந்துப் போத்தலின் அளவு எல்லாம் சாம்பல் கோடுகள். கண் அங்கே போனாலும் எதையும் பிடிக்க முடியாததால் தங்குவதில்லை. தங்காத இடத்தில் தெரிவும் நடப்பதில்லை. விளம்பரக்காரன் பெரிதாக எழுதியது மட்டும் மிஞ்சுகிறது.

ஹலால் இலச்சினையையே எடுங்கள். அது ஒரு பெருவிரல் நகத்தை விடச் சிறியது. அதைத் தேடிப் பார்க்கிறவர்கள் நாங்கள்; அது கண்ணில் படுவதையே சகிக்க முடியாமல் 2013இல் வீதிக்கு இறங்கியவர்கள் வேறு சிலர். அந்த வருடம் மார்ச்சில் உள்நாட்டுச் சந்தைப் பொருட்களில் இலச்சினை கட்டாயமில்லை என்று ஜம்இய்யத்துல் உலமா அறிவிக்க வேண்டி வந்ததும், 2014இல் அந்தப் பணி தனியான ஹலால் சபையிடம் போனதும் வாசகர்களுக்கு நினைவிருக்கும். ஒரு சமூகமாக அந்தச் சிறிய வட்டத்துக்காக அவ்வளவு பட்டோம். ஆனால் அதைப் பார்த்துப் பொருள் எடுக்க வேண்டிய உம்மாமாரில் எத்தனை பேருக்கு அது தெரிகிறது என்று யாரும் கேட்கவில்லை.

இதற்கு எதிர்மாறான நல்ல உதாரணமும் இங்கேயே உண்டு. 2016 ஓகஸ்டிலிருந்து இனிப்புப் பானங்களில் சீனி அளவுக்கு நிறக்குறி போட வேண்டும் என்று சட்டம் வந்தது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2க்கும் 11க்கும் இடையில் மஞ்சள், அதற்குக் குறைந்தால் பச்சை. சேர்மானப் பட்டியலை வாசிக்க முடியாத கண்ணுக்கும் நிறம் தெரியும். மனிதக் கண்ணை மனதில் வைத்துச் செய்த வேலை என்று இதைத்தான் சொல்வேன்.

கண்ணாடி தெரிவை எப்படி மாற்றுகிறது என்பதற்கு நான் அறிந்தவற்றில் மிகத் தெளிவான சான்று அஸ்ஸாம் தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறது. 2017இல் அங்கே 40 வயதைத் தாண்டிய 751 கொழுந்து பறிப்போரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியினருக்குக் கிட்டப் பார்க்கும் சாதாரணக் கண்ணாடி உடனே கிடைத்தது. மற்றவர்களுக்கு ஆய்வு முடிந்த பிறகு. கண்ணாடி போட்டவர்கள் பறித்த அளவு, போடாதவர்களைவிட 21.7 சதவீதம் அதிகமாக உயர்ந்தது. 50 வயதைத் தாண்டியவர்களில் அது 31.6 சதவீதம். மருந்தில்லை, பயிற்சியில்லை, புதிய இயந்திரமில்லை. கொழுந்து பறித்தல் என்றால் என்ன? இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக உள்ளதை எடுத்து, முற்றியதை விடுவது. நாள் முழுக்க, கை போகும் வேகத்தில், ஒவ்வொரு தளிரிலும் ஒரு தெரிவு. கண் தெளிந்ததும் தெரிவு வேகமானது, கூலியும் கூடியது. எமது மலையகத்தில் கொழுந்து பறிக்கும் தாய்மாருக்கும் அதே கண்தான், அதே இலைதான்.

இதே கணக்கைக் கடனுக்கும் போடலாம். ஸூரா அல்பகராவின் 282ஆம் வசனம் குர்ஆனிலேயே மிக நீளமானது. அது பேசுவது கடனை எழுதி வைப்பதைப் பற்றி. எழுதுவது எதற்காக? இரு தரப்புக்கும் தெளிவு இருப்பதற்காக. லீசிங்குக்கும் நகை அடகுக்கும் குழுக்கடனுக்கும் எங்கள் பெண்கள் கையொப்பமிடும் தாள்களில் வட்டியும் தண்டப்பணமும் எந்த எழுத்தளவில் இருக்கின்றன? "இந்த இடத்தில் சைன் பண்ணுங்க" என்று விரல் காட்டும் இடத்துக்குத்தான் கண் போகிறது. 48 வயதில் கண்ணாடி இல்லாதவருக்கு அந்தத் தாளில் தெரியும் ஒரே விடயம் அந்த விரல்தான்.

கண்ணாடி போட்டால் எல்லாம் சரி என்றும் இல்லை. கண்ணாடியும் கண்ணை ஓர் ஒழுங்குக்குள் நடத்துகிறது. பைஃபோக்கல், புரோகிரஸிவ் வில்லைகளில் மேற்பாதி தூரத்துக்கு, கீழ்ப்பாதி வாசிப்பதற்கு. புரோகிரஸிவில் தெளிவான பாதை நடுவில் ஒடுக்கமாக இருக்கும். பக்கங்களில் காட்சி வளையும். அதனால் கண்ணைத் திருப்புவதற்குப் பதில் தலையைத் திருப்பப் பழக வேண்டும். புதிதாகப் போட்டவர்கள் முதல் வாரம் தலை சுற்றுகிறது என்பது இதனால்தான். படி இறங்கும்போது கண் கீழே போகும். கீழே இருப்பதோ வாசிக்கும் வில்லை. படியின் விளிம்பு மங்கும். பல குவியக் கண்ணாடி அணியும் முதியவர்கள், அணியாதவர்களை விட இரண்டு மடங்குக்கும் மேலாக விழக்கூடியவர்கள் என்று 2002இல் வெளியான அவுஸ்திரேலிய ஆய்வொன்று சொன்னது. வெள்ளவத்தையில் லிப்ட் இல்லாத பழைய மாடி வீடுகளில் இருப்பவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும். அதிகம் வெளியே நடமாடும் வயதானவருக்கு, நடக்க ஒரு தூரக் கண்ணாடி, வாசிக்க ஒரு கண்ணாடி என்று இரண்டாக வைத்திருப்பது பல சமயம் நல்லது. கண்ணாடிக் கடையில் விலை கூடியதைத்தான் முதலில் காட்டுவார்கள். நீங்கள்தான் கேட்க வேண்டும்.

தொழுகையிலும் இது தெரியும். நின்ற நிலையில் ஸுஜூது செய்யும் இடத்தைப் பார்ப்பதே எமக்கு வழக்கம். அந்த இடம் கண்ணிலிருந்து ஒன்றரை மீற்றருக்கும் மேல். வாசிக்கும் வில்லை அரை மீற்றருக்கு அப்பால் தெளிவு தராது. ஆகவே பைஃபோக்கல் போட்டவருக்கு அந்த இடம் வெறும் நிறம்தான். சிலர் தலையை அதிகமாகக் குனிந்து, மேல் வில்லை வழியாகப் பார்க்கிறார்கள். வுழூ செய்யும்போது கண்ணாடியைக் கழற்றி, ஈரப் படியில் இறங்குவதும் ஒரு கவலை. படி விளிம்புகளுக்கு வெளிர் நிறத்தில் ஒரு கோடு அடித்துவிட்டாலே பாதி பிரச்சினை தீரும்.

பார்வை தங்கும் இடத்தை மார்க்கம் சாதாரணமாக எடுக்கவில்லை. கோலமிட்ட ஓர் ஆடை தொழுகையில் கவனத்தை இழுத்ததால், நபி (ஸல்) அவர்கள் அதை அபூ ஜஹ்ம் (ரழி) அவர்களிடம் அனுப்பிவிட்டு, கோலமில்லாத ஆடையை வாங்கிவரச் சொன்ன செய்தி புஹாரியிலும் முஸ்லிமிலும் உண்டு. இதை வைத்துக்கொண்டு எமது பள்ளிவாசல்களின் முன்சுவரைப் பாருங்கள். சிவப்பு எழுத்து ஓடிக்கொண்டே இருக்கும் எல்இடி பலகை. அசையும் பொருள் கண்ணின் ஓரத்தில் பட்டாலே கண் தானாகத் திரும்பும். அது எமது விருப்பத்தைக் கேட்பதில்லை. குறைந்தது ஜமாஅத் நேரத்திலாவது அதை நிறுத்தி வைக்கலாமே.

தானாகத் திரும்பும் பார்வைக்கும் நாம் தங்கவிடும் பார்வைக்கும் உள்ள இந்த வேறுபாடு எமக்குப் புதிதல்ல. எதிர்பாராத முதற்பார்வையையும் தொடர்ந்து பார்ப்பதையும் வேறுபடுத்தி அலி (ரழி) அவர்களுக்குச் சொல்லப்பட்ட ஹதீஸ் அபூதாவூத், திர்மிதியில் இருக்கிறது. ஸூரா அந்நூரில் பார்வையைத் தாழ்த்தும் கட்டளை முதலில் ஆண்களுக்கும் அடுத்து பெண்களுக்கும் வருகிறது. இதைக் காட்டி "விஞ்ஞானம் இன்று சொல்வதை அன்றே சொல்லிவிட்டார்கள்" என்று எழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஆய்வுகள் நாளை திருத்தப்படலாம். வேதத்தை அவற்றோடு முடிச்சுப்போட வேண்டியதில்லை. ஆனால் பார்வை ஒரு செயல், அதற்குப் பொறுப்பு உண்டு என்பது எமக்குப் பழக்கமான எண்ணம்.

பார்வையைத் தாழ்த்தச் சொன்ன அதே மார்க்கம், தெரிவு செய்யும் இடத்தில் பார்க்கச் சொல்கிறது. பெண் பேசிய முகீரா இப்னு ஷுஃபா (ரழி) அவர்களிடம் நபி (ஸல்) அவர்கள் அந்தப் பெண்ணைப் போய்ப் பார்க்கும்படி சொன்னது திர்மிதி, நஸாயீ, இப்னு மாஜாவில் பதிவாகியிருக்கிறது. மணமுடிக்கப்போகும் பெண்ணுக்கும் அந்த ஆணைப் பார்க்கும் உரிமை உண்டென்று உலமாக்கள் சொல்கிறார்கள்.

எங்கள் வீடுகளில் என்ன நடக்கிறது? மாப்பிள்ளை வீட்டார் வரும் நாளில், "கண்ணாடியைக் கழற்றி வை மகள், கண் பழுது என்று நினைப்பார்கள்" என்கிறோம். ஒரு கணக்குப் போடுவோம். மைனஸ் 4 பவர் உள்ள ஒரு பிள்ளைக்குக் கண்ணாடி இல்லாமல் தெளிவாகத் தெரிவது 25 சென்ரிமீற்றர் வரைதான். மைனஸ் 2 என்றால் 50 சென்ரிமீற்றர். ஹோலில் மூன்று மீற்றருக்கு அப்பால் கதிரையில் இருக்கும் மனிதர் அவளுக்கு ஒரு நிறத் திட்டு. அவன் அவளைப் பார்க்கிறான், அவன் தாய் பார்க்கிறாள், சாச்சிமார் பார்க்கிறார்கள். வாழ்நாள் தெரிவைச் செய்ய வேண்டியவளுக்கு மட்டும் முகம் தெரியவில்லை. கதைக்கும்போது அவன் கண் எங்கே போகிறது, உம்மா பேசும்போது அவன் முகம் எப்படி மாறுகிறது, எதுவும் தெரியாது. பிறகு, "உனக்குச் சம்மதமா?" என்று கேட்கிறோம். (1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின் கீழ் பதிவேட்டில் அவளது கையொப்பமே தேவைப்படுவதில்லை என்பது தனியாகக் கதைக்க வேண்டிய விடயம்.)

குறும்பார்வை குறையை மறைத்துக் கலியாணம் செய்வது நேர்மையும் அல்ல. கண்ணாடி போட்ட பிள்ளையைக் கண்ணாடியோடு பார்த்துப் பிடித்தவர் வரட்டும். மூன்றாம் ஆண்டில் கரும்பலகை தெரியாமல் பக்கத்துப் பிள்ளையின் கொப்பியைப் பார்த்து எழுதும் சிறுமிக்கு, "பிறகு கலியாணத்துக்குக் கஷ்டம்" என்று கண்ணாடி வாங்கிக் கொடுக்காமல் இருப்பவர்களும் எமக்குள் இருக்கிறார்கள். பாடசாலையில் வைத்தியப் பரிசோதனையின்போது கண்ணும் பார்க்கப்படுகிறது. கடிதம் கொடுத்து அனுப்பினால் அதை அலுமாரியில் வைக்க வேண்டாம்.

செலவைப் பற்றியும் ஒரு வார்த்தை. வெள்ளெழுத்துக்கு மட்டும் தேவைப்படும் ரெடிமேட் கண்ணாடி பெரிய செலவல்ல. ஒவ்வொரு பள்ளிவாசலிலும் குர்ஆன் அடுக்கியிருக்கும் றாக்கையின் பக்கத்தில் +1.50, +2.00, +2.50 என்று பவர் எழுதிய ஐந்தாறு சோடிகளை வைக்கலாம். ஆண்கள் பகுதியில் மட்டுமல்ல, பெண்கள் தொழும் பகுதியிலும். ஜும்ஆவுக்கு முன் ஸூரா கஹ்ஃபைக் கைநீட்டி வாசிக்கச் சிரமப்படும் வாப்பாமாருக்கு அது உதவும். பொதுவாக 40களின் நடுவில் +1.50 அளவிலும், 50களில் +2.00 அளவிலும், அதற்குப் பிறகு +2.50 அளவிலும் தேவைப்படும்; போட்டுப் பார்த்து, 40 சென்ரிமீற்றர் தூரத்தில் எழுத்துத் தெளிவாக இருப்பதை எடுக்கலாம். ஸகாத், ஸதகா நிதி சேர்க்கும் அமைப்புகள் வருடத்துக்கு ஒரு கண் சிகிச்சை முகாமும் நடத்தினால், இந்தக் கண்ணாடியால் தீராத குறைகளும் வெளியே வரும். கிளோகோமா வலி இல்லாமலே பார்வையின் ஓரங்களைத் தின்னும். நீரிழிவு விழித்திரையைப் பழுதாக்கும். இரண்டையும் ரெடிமேட் கண்ணாடி கண்டுபிடிக்காது. 40ஐத் தாண்டியவர்கள், குறிப்பாகச் சீனி வருத்தம் உள்ளவர்கள், கண் வைத்தியரிடம் ஒருமுறையாவது காட்ட வேண்டும். அரச வைத்தியசாலைகளின் கண் கிளினிக்குகளுக்குக் காசு கட்டத் தேவையில்லை. காலையில் நேரத்தோடு போய் வரிசையில் நிற்க வேண்டும், போகும்போது பழைய கண்ணாடியையும் எடுத்துச் செல்ல வேண்டும்.